புள்ளி வைத்த வாழ்த்து அட்டைகள்

பாளையங்கோட்டை,
வியாழன் காலை.

ஸ்டெஃபிக்கு,

படித்தாள். பிடித்திருந்ததா என்று நீ கேட்டிருந்தாய். பிடிப்பதற்கு முன்னால் படிப்பது என்று ஒன்று இருக்கிறது. நஃபீஸத் உன் அட்டையைப் படித்தாள்.

நீயும் ஜெனிஸ்டனும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள். இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. அம்மா சுகம். கல்லூரியில் இந்த ஆண்டும் கௌரவ விரிவுரையாளர்தான். இதெல்லாம் முறைக்கு. முறையை முடித்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தை பிரெய்லில் எழுதவில்லை. கணினியில் தட்டுகிறேன். தட்டத் தட்ட அது என் காதில் வாசித்துக் காட்டுகிறது. கண் உள்ள யாரும் இதைப் படிக்கலாம். ஜெனிஸ்டன் படிக்கலாம். தோஹாவில் உன் பக்கத்து ஃபிளாட்காரி படிக்கலாம். இனி உனக்கு எழுதுவதில் மறைக்க ஒன்றுமில்லை. மறைத்து எழுதியவை எல்லாம் உன் ஊர் உவரியில் திருவிழாக் கடையில் விற்றாகிவிட்டன.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். கடிதத்துக்கு நடுவில் நீ குறுக்கே பேச முடியாது. இன்று அது எனக்கு வசதி.

சனிக்கிழமை மதியம் மேலப்பாளையத்தில் நஃபீஸத் வீட்டில் இருந்தேன். வருகிற ஞாயிறு அவள் நிக்காஹ். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். கறிக்கு எந்தக் கடை என்று கூடத்தில் ஒரு சண்டை. மாடிப்படியில் பிள்ளைகள். ஒன்றாம் வகுப்பிலிருந்து பார்வையற்றோர் பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவள் என்பதால் எனக்கு அவளுடைய கட்டிலில் இடம். உன் பார்சல் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டதாம். நான் வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும் என்று யாரையும் தொட விடவில்லையாம்.

நல்ல அட்டை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், உவரியில் உன் அம்மாவோடு அட்டை செய்கிற அந்தப் பெண்களின் கைவேலையில் குறை இல்லை. பின்பக்கம் யாருடைய கல்யாணப் பத்திரிகையோ. மூலையில் மேடு கட்டிய பிள்ளையார் விரலில் தட்டினார். ஓரத்தில் சேலைக் கரை. வலை நூலில் ஒரு குஞ்சம். நடுவே, முகப்பில், பிரெய்ல் தாள்.

உள்ளே நீ பேனாவில் எழுதியிருந்ததை அவள் அக்கா மகள் சத்தமாக வாசித்தாள். இனிய மணவாழ்க்கை அமையட்டும். இந்த அட்டை பழைய பிரெய்ல் தாளில் செய்தது. உன் விரல்கள் தொட்டு மகிழட்டும்.

அறையில் இருந்த எல்லாரும் நெகிழ்ந்து போனார்கள்.

தொட்டு மகிழட்டும்.

எழுத்தை நாங்கள் தொட்டு மகிழ்வதில்லை ஸ்டெஃபி. படிப்போம். நீ நாளிதழை மை வாசனைக்காகவா வாங்குகிறாய்? கல்லூரி விடுதியில் நம் அறையில் ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து, கண் இருந்தும் பிரெய்ல் கற்றுக்கொண்டவள் நீ. உன்னைத் தவிர வேறு யார் அந்த வரியை எழுதியிருந்தாலும் மன்னித்துவிடுவேன்.

தாளைத் தலைகீழாக ஒட்டியிருந்தார்கள். நஃபீஸத் சிரித்துக்கொண்டே அட்டையைத் திருப்பினாள். கண்ணு தெரிஞ்சவங்களுக்கு எது தலை எது காலுன்னு தெரியல பாத்தியா என்று என் தொடையில் தட்டினாள். பிறகு படிக்கத் தொடங்கினாள். அவள் விரல் தாளில் போகும் சத்தம் எனக்குக் கேட்கும். உலர்ந்த, சின்னச் சத்தம். ஒரு வரி. இன்னொரு வரி. ஓரிடத்தில் நின்றது. அந்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போனது.

அட்டையை என் மடியில் வைத்தாள்.

"ஏட்டி, இது ஒன் ஸ்லேட்டுதான?"

புள்ளி குத்துகிற என் ஸ்லேட்டுச் சட்டத்தில் ஒரு குழி தேய்ந்து போனது. எழுத்தாணி அங்கே பட்டால் புள்ளி மேடாகாது, துளையாகும். நான்கு வரிக்கு ஒரு துளை. பள்ளியில் பெயர் போடாத விடைத்தாளை வைத்தே இது சித்ரலேகாவுடையது என்று சொல்லிவிடுவார்கள். நஃபீஸத்துக்குத் தெரியாமல் இருக்குமா?

விரலை வைத்தேன். துளை இருந்தது.

வரி இது. "சம்பளம் மட்டும் இல்லையென்றால் அஃப்சல் நஃபீஸத் வீட்டு வாசலை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டான். அவளுக்கு அது தெரியவில்லை. அல்லது தெரியாத மாதிரி இருக்கிறாள்."

நான் எழுதியதுதான். அஃப்சல் முதல்முறை பெண் கேட்டு வந்தபோது, இரண்டு வருடத்துக்கு முன்னால், உனக்கு எழுதியது. அவனுக்குக் கண் தெரியும், கைப்பேசிக் கடை வைத்திருக்கிறான். அவளுக்கு வங்கியில் நிரந்தர வேலை. அவன் வீட்டில் மறுத்தார்கள். அவன் இரண்டு வருடம் நின்றான். அவளும் நின்றாள். நான் இந்த இரண்டு வருடமும் அவளுக்குத் தைரியம் சொன்னேன். உனக்கு அப்படி எழுதிவிட்டு.

அட்டை செய்தவர்கள் தாளைக் குறுக்கே மூன்றாக வெட்டியிருக்கிறார்கள். செங்குத்தாக வெட்டியிருந்தால் வரிகள் துண்டாகி அர்த்தம் இல்லாமல் போயிருக்கும். குறுக்கே வெட்டியதால் ஒவ்வொரு வரியும் முழுசாக இருந்தது. அட்டை அந்த வரியோடு முடிந்தது.

"அடுத்த வரி என்னட்டி?" என்று கேட்டாள். குரல் ஏறவில்லை. பக்கத்தில் ஆள் இருக்கிறது என்ற நினைவோடு கேட்டாள்.

ஞாபகம் இல்லை என்றேன்.

அந்த நேரம் அவள் உம்மா உள்ளே வந்து, சித்ராம்மா, என்னதான் எழுதியிருக்கு அதுல என்று ஆசையாகக் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நஃபீஸத், பழைய பள்ளிக்கூடத்துப் பாட்டும்மா என்றாள். உம்மா பாடச் சொன்னார்கள். தொண்டை கட்டியிருக்கு என்றாள்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். என் கையில் செருப்பை எடுத்துக் கொடுத்தாள். பிறகு சொன்னாள்.

"நிக்காஹுக்கு வா. சாப்பிட்டுட்டுப் போ. எம் பக்கத்துல உக்காராத."

ஞாயிறு அன்று நாள் முழுக்க அவள் பக்கத்தில் இருக்க வேண்டியவள் நான். யார் வருகிறார்கள், யார் முகம் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்று இரண்டு பேருமாகக் குரலை வைத்தே கண்டுபிடிப்பதாகப் பேசியிருந்தோம்.

உன்மேல் கோபம் அப்போது இல்லை. அதை நீ நம்ப வேண்டும். உவரி முகவரிக்கு நான் அனுப்பி, தோஹா போகிறவர்கள் கையில் உனக்கு வந்த கடிதங்களைப் படித்துவிட்டு ஊர் அலமாரியில் வைத்திருப்பாய், உன் அம்மா அதைச் சுத்தம் செய்தபோது தெரியாமல் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மேலப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பார்க்கிறவர்களுக்கு அது வெற்றுத்தாள். மை இல்லை. பொட்டுப் பொட்டாக அழகாக இருக்கிறது. பாவம், அவர்களுக்கு என்ன தெரியும். உன்னை எச்சரிக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன். உன் பொருளை உன்னைக் கேட்காமல் எடுத்துவிட்டார்கள் என்று.

எனக்கு இருந்தது பயம். மூன்று நான்கு தாள் கொண்ட முப்பத்தொரு கடிதம். ஒரு தாளுக்கு மூன்று அட்டை. இந்த ஊரில் தெருவுக்கு ஒருவர் பிரெய்ல் படிப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு உவரிக்குப் போனேன். அப்பா கூட வருகிறேன் என்றார். முழங்காலைக் காட்டி உட்கார வைத்தேன். திசையன்விளை வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. இரண்டாவது பஸ்ஸில் நடத்துனர் என்னைக் கேட்காமலே டிக்கெட்டில் பாதியைக் கழித்து, கேட்காமலே கோயில் வாசலில் இறக்கினார். கண் இல்லாதவள் கோயிலுக்குத்தான் வருவாள். அவரிடமும் சண்டை போட்டேன். பாவம் அவர்.

உன் அம்மா என் குரலைக் கேட்டதும் ஓடி வந்தார்கள். மக்ளே, தனியாவா வந்த என்று தலையைத் தடவினார்கள். பெரிய அறையில் ஆறு பெண்கள் தரையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். மைதாப் பசை வாசனை. கத்தரிக்கோல் சத்தம். கிழிந்த வலை ஒரு மூலையில் குவிந்து கிடந்தது, காலில் தட்டியது. பழைய காலண்டர், பத்திரிகை, பிளவுஸ் தைத்த மிச்சம், முட்டை அட்டை, எதையும் விடுவதில்லை என்று உன் அம்மா பெருமையாகச் சொன்னார்கள். பெருமைப்பட வேண்டியதுதான். கட்டுமரம் போய்ப் படகு வந்து, படகில் போன ஆண்களில் சிலர் வராமல் போன வீட்டுப் பெண்கள் அவர்கள். குப்பையில் இருந்து சோறு எடுக்கிறார்கள். அவர்களிடம் கோபப்பட எனக்கு எந்த வழியும் இல்லை.

பிரெய்ல் அட்டைகளைக் கேட்டேன். நாற்பது அட்டை திருவிழாக் கடையில் போய்விட்டதாம். அதுதான் முதலில் விற்றதாம். மீதி ஒரு அட்டைப்பெட்டியில் இருந்தது. சிலவற்றை ஒட்டியிருந்தார்கள், மற்றவை வெறும் துண்டுகள். தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் கத்தரிக்கோல் சத்தங்கள் நின்றன.

என் பக்கத்தில் வியாகுலம் அக்கா என்று ஒருவர். உனக்குத் தெரிந்திருக்கும். வாய் ஓயாதவர். அவர்தான் கேட்டார், இது எழுத்தா என்று. ஆமாம் என்றேன். அப்போ நாங்க கடுதாசியவா வெட்டினோம் என்றார். யாரோ கத்தரிக்கோலைத் தரையில் வைத்தார்கள். பைய, சத்தம் வராமல்.

"இதுல என்ன எழுதியிருக்கு, சொல்லேன்" என்று ஒரு துண்டை என் கையில் கொடுத்தார் வியாகுலம் அக்கா.

படித்துச் சொன்னேன். சமாதானபுரத்தில் முக்கால் மணி நேரம் நின்றும் பஸ் வரவில்லை, நனைந்துகொண்டே நடந்தேன்.

"இதுக்கா இம்புட்டுப் புள்ளி" என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த நாளில் அது ஒரு தடவை.

பிறகு உன் அம்மாவிடம், அலமாரியில் இருந்ததை யார் எடுத்தது என்று கேட்டேன். அவர்களைக் குற்றம் சொல்லக் கூடாது என்று மெதுவாகத்தான் கேட்டேன்.

இனி நான் எழுதுவது நீ படிக்க வேண்டிய பகுதி.

நீதான் எடுத்துக் கொடுத்தாய் என்றார்கள். போன ஜூனில் குழந்தையோடு ஊருக்கு வந்தபோது. கெட்டித் தாள், அட்டைக்கு நன்றாக வரும், புள்ளி நசுங்காமல் ஒட்டுங்கள் என்று சொல்லிக் கொடுத்தாயாம். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று உன் அம்மா கேட்டார்களாம். பழைய பாடம், சித்ராவுக்கு இனி வேண்டாமாம் என்றாயாம்.

அதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். வேறு ஏதாவது எழுதியிருப்பேன். உன் அம்மா இன்னொன்றும் சொன்னார்கள். குறையாகச் சொல்லவில்லை, கேலியாகத்தான்.

"நூலுல ஏம் மக்ளே அம்புட்டு முடிச்சு போட்ட? அவுக்கவே வரல. ஒண்ணொண்ணயும் கத்தரி வச்சுத்தான் எடுத்தோம்."

உனக்குத் தெரியும். பார்வையற்றோர் தபாலுக்குத் தபால்தலை வேண்டாம், ஆனால் ஒட்டக் கூடாது. தபால்காரர் வேண்டுமானால் பிரித்துப் பார்க்கும்படி இருக்க வேண்டும். அதனால் நூலால் கட்டுவேன். பிரிப்பார்கள், பார்ப்பார்கள், ஒன்றும் புரியாது என்றாலும் இரண்டு முடிச்சுக்கு மூன்றாகப் போடுவேன்.

எத்தனை கட்டு என்றேன். எல்லாம் கட்டாகத்தான் இருந்தது என்றார்கள். நீ அவிழ்த்துப் பார்க்கவில்லையா என்றேன். பிள்ளை அழுதுகொண்டே கிடந்தான் என்றார்கள். யாராவது தோஹா போகும்போது கொடுத்து அனுப்பவில்லையா என்றேன். பெட்டியில் இடம் இருக்காது, அங்கேயே இருக்கட்டும் என்று நீ சொல்லிவிட்டாயாம். இதைச் சொன்ன பிறகுதான், ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று உன் அம்மாவுக்குப் புரிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு மீன் குழம்பு வைத்தார்கள். முள் எடுத்துத் தட்டில் வைத்தார்கள். அதற்கும் கோபம் வந்தது. சாப்பிட்டேன்.

முப்பத்தொரு கடிதம். இரண்டரை வருடம். நீ கடல் தாண்டிய நாளிலிருந்து ஒன்றைக்கூட நீ பிரிக்கவில்லை.

ஆனால் படித்தேன் என்று சொன்னாய். ஒவ்வொரு முறையும் சொன்னாய். உன் குரல் செய்திகளை நான் அழிப்பதில்லை. நேற்று எல்லாவற்றையும் திரும்பக் கேட்டேன். வந்துச்சுட்டி, படிச்சேன், சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்கு. அந்த வாரம் நான் எழுதியது அப்பாவின் அறுவைச் சிகிச்சை பற்றி. சிரிக்க அதில் ஒன்றுமில்லை. நீ வேறு ஏதோ கடிதத்தைச் சொல்கிறாய் என்று நானே உனக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். உன் பொய்க்கு நானே வேலை செய்தேன்.

குழந்தை பிறந்தது தெரியும். தூக்கம் இல்லை என்பது தெரியும். புது ஊர், புது மாமியார், புள்ளி புள்ளியாகப் படிக்கப் பொறுமை இருக்காது. முடியவில்லை, இனி எழுதாதே என்று ஒரே ஒரு வரி. அதற்கு நேரம் இல்லையா? நான் நின்றிருப்பேன். என் வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து என்பதால் அதில் எழுதினேன். ஃபோனில் பேசினால் அம்மா அடுப்படியில் இருந்து கேட்பாள். படிக்கத் தெரிந்த ஒருத்தி இருக்கிறாள் என்பதால் எழுதினேன். அழுக்கு, கேவலம், பயம், மற்றவர்களைப் பற்றி நினைக்கக் கூடாத நினைப்பு. எங்காவது போய்ச் சேரட்டும் என்று.

எங்கும் போய்ச் சேரவில்லை. யார் வீட்டு டிவி மேலோ என் அம்மாவைப் பற்றி நான் எழுதியது குஞ்சம் கட்டி நிற்கிறது. அந்த முப்பத்தொரு கடிதத்துக்கும் முதல் வாசகி நஃபீஸத்.

நினைத்துப் பார். நீ அவிழ்த்துப் படித்திருந்தால் அந்த வரிக்காக என்னைத் திட்டியிருப்பாய். திட்டக்கூடியவள்தான் நீ. வாயைக் கழுவுட்டி என்றிருப்பாய். நான் வெட்கப்பட்டிருப்பேன். இரண்டு வருடத்துக்கு முன்னாலேயே, யாருக்கும் தெரியாமல், உன் முன்னால் மட்டும். கடிதம் எழுதுவது அதற்குத்தான்.

ஆனால் எழுதியது நான். இதை உன் தலையில் கட்டவில்லை. அவளைப் பற்றி அப்படி நினைத்ததும் நான், அதைக் குத்திக் குத்திப் பதித்ததும் நான். நீ செய்தது வேறு, நான் செய்தது வேறு. இரண்டும் ஒரே அட்டையில் ஒட்டிக்கொண்டன. அவ்வளவுதான்.

இன்னொன்று உன்னிடம் சொல்ல வேண்டும். சொல்வதற்கு வேறு ஆள் இல்லை என்பது எரிச்சலாக இருக்கிறது.

அடுத்த வரி எனக்கு ஞாபகம் இருந்தது.

நஃபீஸத் கேட்டபோதே, அவள் கேட்டு முடிப்பதற்குள்ளேயே ஞாபகம் இருந்தது. சொல்லவில்லை. என்னைக் கொடுமைக்காரி என்று அவள் நினைக்கட்டும், அது பரவாயில்லை என்று அந்த நொடியில் தோன்றியது. அடுத்த வரி தெரிந்தால் வேறு மாதிரி நினைப்பாள். அதை என்னால் தாங்க முடியாது. எம்.ஏ., எம்.ஃபில்., எல்லா மேடையிலும் பேசுகிறவள், யார் இரக்கப்பட்டாலும் கடித்துக் குதறுகிறவள் நான். நஃபீஸத் முன்னால் அப்படி நிற்க முடியாது.

உவரியில் பெட்டி முழுக்கப் படித்தது அதைத் தேடித்தான். திருவிழாவில் விற்றவற்றோடு போயிருக்க வேண்டும் என்று பாதி வேண்டிக்கொண்டே தேடினேன். சாயங்காலம் கிடைத்தது. சேலைக் கரை ஒட்டி, குஞ்சம் கட்டி, தயாராக இருந்தது. முதல் வரி இதுதான்.

"சம்பளத்துக்காகவாவது ஒருவன் வருகிறான். என் வாசலுக்கு யார் வருவார்?"

அதன் கீழே இன்னும் ஏழு வரி. அதை உனக்கு எழுத மாட்டேன். உனக்கு ஒருமுறை எழுதியாயிற்று.

அந்த ஒன்றை மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டேன். மற்றதை எல்லாம் எடுத்துக்கொண்டு போ மக்ளே, எங்களுக்கு வேண்டாம் என்று உன் அம்மா பெட்டியைக் கட்டினார்கள். வேண்டாம் என்றேன். ஆறு பேரின் பத்து நாள் உழைப்பு அது. போன பெருவெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் ஆற்றுத் தண்ணீர் வந்து என் பிரெய்ல் புத்தகங்கள் எல்லாம் நனைந்தன. காய்ந்த பிறகு தடவினால் ஒன்றுமில்லை. வழுவழுவென்று இருந்தன. தண்ணீர் பட்டால் புள்ளி செத்துவிடும். அதை வியாகுலம் அக்காவிடம் சொல்லிக்கொடுத்தேன். ஈரத்துணியால் ஒற்றி, மேலே பலகை வைத்து, கல்லை ஏற்ற வேண்டும். காய்ந்ததும் வெறும் தாள். அதில் பூ ஒட்டலாம்.

ஆறு பேரும் உட்கார்ந்து ஒற்றினார்கள். நான் நான்கைந்தை ஒற்றினேன். இரண்டரை வருடம் கல்லுக்கு அடியில் போவதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கடைசி பஸ்ஸுக்கு வியாகுலம் அக்கா கூட வந்தார். வழி முழுக்கப் பேசாமல் வந்தார்.

உன் அம்மாவைத் திட்டாதே. இதைப் படித்ததும் ஃபோன் செய்து, ஏன் அவளிடம் சொன்னீர்கள் என்று கேட்பாய். கேட்காதே. முள் எடுத்துக் கொடுத்த கை அது.

எனக்கும் ஃபோன் செய்யாதே. உன் குரலில் ஏற்கெனவே நிறைய வைத்திருக்கிறேன். எதை நம்புவது என்று பிரித்து முடிக்க நாளாகும்.

நாளை மறுநாள் சனி, அதற்கடுத்து ஞாயிறு. பக்கத்தில் உட்காராதே என்றுதான் சொன்னாள், வராதே என்று சொல்லவில்லை. அதையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருக்கிறேன். போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம். எல்லாரும் கலைந்த பிறகு, ஒரு மாதம் கழித்து, ஒரு வருடம் கழித்து, பழையபடி ஆகிவிடும். ஆகும். அவள் அப்படிப்பட்டவள். அவளும் கேட்க மாட்டாள், நானும் சொல்ல மாட்டேன், கைப்பையில் இருப்பது அலமாரிக்குப் போகும். அலமாரியில் இருப்பதற்கு என்ன ஆகும் என்று எனக்கு இப்போது தெரியும்.

உன் மகன் நன்றாக வளரட்டும். ஓடியாடட்டும், நோய் நொடி இல்லாமல் இருக்கட்டும். ஒருநாள் எழுதக் கற்றுக்கொள்வான். உனக்குத்தான் முதலில் எழுதுவான், கோணல்மாணலாக, ஒன்றுமில்லாத விஷயத்தை. நீ வேலையாக இருப்பாய். அப்போது அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து அதைப் படி ஸ்டெஃபி. முழுசாகப் படி. இதுதான் உன்னிடம் நான் கேட்பது.

சித்ரலேகா.

பின்குறிப்பு: இதைத் தட்டி முடித்துவிட்டு அனுப்பாமல் மேலப்பாளையம் போனேன். நஃபீஸத்துக்கு மருதாணி வைத்துக்கொண்டிருந்தார்கள். இடது கை இன்னும் காயவில்லை, வலது கை சும்மா இருந்தது. அட்டையை அந்தக் கையில் கொடுத்து, அடுத்த வரி என்றேன். அவள் எட்டு வரியையும் படித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.